இறுக்கும் காலுறையும் இதமாக்கும் வழிகளும்

பாடசாலை விட்டு வீடு சென்று சப்பாத்தைக் கழற்றியதும் நாம் அடுத்துச் செய்யும் வேலை காலுறையை உருவி எடுப்பதுதான். அப்போது காலைச் சுற்றி ஒரு சிவந்த வளையம் பதிந்திருக்கும். கொஞ்சம் தேய்த்துவிட்டால் சுகமாக இருக்கும். சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் அந்த வளையத்துக்குப் பின்னால் உயிரியலும் இருக்கிறது, பௌதிகவியலும் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் ஆரோக்கியமும் இருக்கிறது.

நாம் 'மேசு' என்றும் 'சொக்ஸ்' என்றும் சொல்லும் காலுறை, காலில் நிற்க வேண்டுமென்றால் அதற்குச் சிறிது இறுக்கம் வேண்டும். எனவே இறுக்கமே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இறுக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு கோட்டில் குவிந்து காலைக் கட்டுவது ஒன்று. கால் முழுவதும் பரவி அதைத் தாங்குவது மற்றொன்று. முதலாவதைக் குறைப்பதும் இரண்டாவதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் காலுறையை இதமாக்கும் வழி. இனி வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு விடயத்திலிருந்தே வருகின்றன.

வளையம் ஏன் விழுகிறது?

இரத்தப் பரிசோதனை செய்யும்போது தாதி நம் மேற்கையில் ஒரு இறப்பர் பட்டியைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உடனே முன்கையின் நாளங்கள் புடைத்து எழும். நாடிகளில் இரத்தம் அதிக அமுக்கத்தில் பாய்வதால் அந்தப் பட்டி அதைத் தடுப்பதில்லை. நாளங்களில் அமுக்கம் குறைவு. அதனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மட்டும் பட்டிக்குக் கீழே தேங்கி நிற்கிறது. ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலில் சுற்றியோடுகிறது என்பதை 1628இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கியபோது இப்படிக் கையில் பட்டி கட்டிப் பார்த்த சோதனைகளையே சான்றாகக் காட்டினார்.

காலுறையின் மேற்பட்டியும் அளவுக்கு மீறி இறுகினால் அந்த இறப்பர் பட்டியின் வேலையையே செய்கிறது. அதிலும் கால் என்பது கையை விடக் கடினமான இடம். நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளங்களில் அமுக்கம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம் வரை உயரும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நாளங்களிலுள்ள வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அப்போது அதே அமுக்கம் 30க்கும் கீழே இறங்கிவிடும். காலைக் கூட்டத்தில் நீண்ட நேரம் நின்றால் கால் கடுப்பதும் இரண்டு எட்டு நடந்தால் இலேசாவதும் இதனால்தான்.

ஒரு சிறிய கணக்கு

காலைச் சுற்றிய ஒரு மீள்பட்டி தோலின் மீது கொடுக்கும் அமுக்கம், பட்டியின் இழுவையை அந்த இடத்தின் ஆரையால் வகுத்தால் வருவதாகும். லாப்லாஸின் விதி என்று இதைச் சொல்வார்கள். இழுவை கூடினால் அமுக்கம் கூடும். ஆரை குறைந்தாலும் அமுக்கம் கூடும்.

ஒருவரின் கணுக்காலுக்கு மேற்பகுதி 22 சென்ரிமீற்றர் சுற்றளவும் கெண்டைக்கால் 35 சென்ரிமீற்றர் சுற்றளவும் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். இழுவை ஒரே அளவாக இருந்தால் கணுக்காலில் விழும் அமுக்கம் கெண்டைக்காலில் விழுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்காகும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. காலுறை நீளமாக இருக்கிறது என்று மேற்பட்டியை மடித்துவிடுகிறோம் அல்லவா? அப்போது இரண்டு பட்டிகள் ஒரே இடத்தில் அமர்கின்றன. இழுவை இரட்டிப்பாகிறது, அமுக்கமும் இரட்டிப்பாகிறது. சுருண்டு கயிறுபோல் ஆகிவிட்டால் அந்த அமுக்கம் முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் விழுகிறது. ஆகவே முதலாவது யோசனைக்குச் செலவே இல்லை: காலுறையின் பட்டியை மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள்.

பாடசாலைக் காலுறைக்குச் சில வழிகள்

காலுறைகளை இழுபட வைப்பது பெரும்பாலும் எலாஸ்தேன் எனப்படும் செயற்கை நார். லைக்ரா என்ற வர்த்தகப் பெயரில் நாம் அறிந்த இந்த நாரை 1958இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற இரசாயனவியலாளர் உருவாக்கினார். தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுபட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் வெப்பம் அதன் பகைவன். கொதிநீரிலும் கடும் வெயிலிலும் அது தன் மீள்தன்மையை இழக்கிறது. இந்தப் பலவீனத்தை நாம் நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்.

புதிய காலுறை இறுக்கினால் அதைக் கழுவி, ஈரத்தோடு மேற்பட்டியை மட்டும் காலின் அகலத்தை விடச் சற்று அகலமான தடித்த அட்டையிலோ ஒரு போத்தலிலோ மாட்டி இரவு முழுவதும் உலர விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் இறுக்கம் தளரும். பருத்தி கலந்த காலுறையாயின், அட்டையில் மாட்டிய பட்டியின் மேல் ஈரத்துணியை விரித்து, குறைந்த சூட்டில் சில விநாடிகள் அயன் செய்து, அட்டையிலேயே ஆற விடலாம். தனி நைலோன் காலுறைக்கு இது வேண்டாம், உருகிவிடும்.

அதற்கும் தளராவிட்டால் காலுறையை உட்புறமாகப் புரட்டிப் பாருங்கள். விலை குறைந்த காலுறைகளில் மேற்பட்டியின் உள்ளே இறப்பர் நூல்கள் வளையம் வளையமாக ஓடுவது தெரியும். ஊசிமுனையால் அவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தூக்கிச் சிறிய கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். பின்னப்பட்ட கண்ணியை மட்டும் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் காலுறை ஏணிபோல் பிரிந்துகொண்டே போகும். எல்லா நூல்களையும் வெட்டினாலும் காலுறை வழிந்து சப்பாத்துக்குள் சுருண்டுவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. பாதத்தின் அளவு பார்த்தே காலுறை வாங்குகிறோம். காலின் பருமனைப் பார்ப்பதில்லை. ஒரே அளவுப் பாதமுள்ள இரு சகோதரிகளுக்குக் கால்கள் வேறுபடலாம். மெல்லிய ஒற்றை இறப்பர் பட்டி உள்ளதை விட, விரலால் இழுத்தால் மெதுவாக விரியும் அகலமான பட்டி உள்ளதே நல்லது. அதே இழுவை அகன்ற இடத்தில் பரவினால் வளையம் விழாது. முழங்கால் வரை வரும் காலுறையின் பட்டி கெண்டைக்காலின் பருத்த நடுப்பகுதியில் நிற்கக் கூடாது. அங்கே பட்டி அதிகம் இழுபடுகிறது. நடக்க நடக்கக் கீழே வழியவும் செய்கிறது. அதைத் தாண்டி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்பதே சரி. விரல் நுனியிலுள்ள தையல் உறுத்தினால் காலுறையை உட்புறம் வெளியே வருமாறு அணியலாம். சப்பாத்துக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை!

ஈரக்கால் என்னும் பிரச்சினை

ளுஹர் தொழுகைக்கு வுழூ செய்துவிட்டு அவசரமாக வகுப்புக்கு ஓடுபவர்கள் நாம். ஈரக்காலில் இறுக்கமான காலுறை ஏறாது. வலிந்து இழுத்தால் பட்டி முறுகும், தோல் உராயும். விரலிடுக்கில் தேங்கும் ஈரத்தில் பூஞ்சணம் வளர்ந்து அரிப்பும் வெடிப்பும் வரும். நம் நாட்டு வெக்கையில் மூடிய சப்பாத்துக்குள் அது இன்னும் விரைவாக வளரும்.

புத்தகப் பையில் கைக்குட்டை அளவில் ஒரு பருத்தித் துணி வைத்திருந்தால் போதும். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, காலுறையைக் குதிக்கால் வரை சுருக்கிப் பிடித்து, பாதத்தை நுழைத்து, பிறகு மேலே விரித்து வாருங்கள். ஈரமான காலுறையை மறுநாளும் அணியாமல் மாற்று இணை ஒன்று வைத்திருப்பதும் நல்லது.

அலுமாரியில் தூங்கும் காலுறை

இதுவரை சொன்னது தளர்த்த வேண்டிய இறுக்கத்தைப் பற்றி. தளர்த்தவே கூடாத இறுக்கமும் ஒன்று உண்டு.

கால் நாளங்களின் வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் கீழ்நோக்கித் தேங்கி நாளங்கள் முறுக்கிப் புடைக்கும். வெரிகோஸ் வெயின் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். நாள்பட்டால் கணுக்கால் வீங்கி, தோல் கறுத்து, ஆறாத புண்ணும் வரக்கூடும். வகுப்பறையில் நாள் முழுவதும் நின்று கற்பிக்கும் ஆசிரியைகள், கர்ப்பிணித் தாய்மார், வயதானோர் எனப் பலருக்கு இது வருகிறது. இவர்களுக்கு வைத்தியர்கள் மருத்துவ மீள்காலுறையைப் பரிந்துரைப்பார்கள்.

என் உம்மம்மாவுக்கும் அப்படி ஒரு இணை வாங்கிக் கொடுக்கப்பட்டது. இரண்டு நாள் அணிந்தார். "மகள், இது காலுக்குப் போட்ட விலங்கு" என்று சொல்லி அலுமாரியில் வைத்துவிட்டார். பல வீடுகளில் இதே கதைதான். விலை கொடுத்து வாங்கிய சிகிச்சை மடித்த துணியாகக் கிடக்கிறது. காலோ வீங்கிக்கொண்டே போகிறது. அதை அணியும் முறையை யாராவது பொறுமையாகக் காட்டிக் கொடுத்தால் அந்த விலங்கு துணையாக மாறும்.

இந்தக் காலுறையின் வரலாறு சுவையானது. ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கொன்ராட் ஜொப்ஸ்ட் என்ற பொறியியலாளருக்கே நாள நோய் இருந்தது. நீச்சல் தடாகத்தில் நிற்கும்போது தம் கால் வலி குறைவதை அவர் கவனித்தார். ஆழம் கூடக் கூட நீரின் அமுக்கம் கூடும் என்பது நாம் படித்ததுதானே! கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அமுக்கும் காலுறையை அவர் அதிலிருந்தே வடிவமைத்தார். ஆகவே இதில் மேற்பட்டிதான் மிகக் குறைவாக இறுக்க வேண்டும். இதனை வெட்டுவதோ இழுத்துத் தளர்த்துவதோ மருந்தைக் கீழே கொட்டுவதற்குச் சமம்.

வலியில்லாமல் அணிவது எப்படி?

காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்பே அணிய வேண்டும். எழுந்து நடமாடிவிட்டால் கால்களை உயர்த்தி வைத்து கால் மணி நேரம் படுத்த பிறகு அணியலாம். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். அது நழுவாமல் பிடிக்க உதவும். நகத்தில் பட்டு நூல் அறுவதையும் தடுக்கும்.

கையைக் காலுறைக்குள் விட்டுக் குதிப் பகுதியைப் பிடித்து, அதுவரை உட்புறமாகப் புரட்டுங்கள். பாதத்தை நுழைத்துக் குதி சரியாக அமர்ந்த பிறகு, சிறிது சிறிதாக மேலே ஏற்றுங்கள். மேற்பட்டியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுக்கக் கூடாது. சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் அகலம் கீழே நிறுத்த வேண்டும். விரல்கள் திறந்த வகையாயின், பாதத்தில் ஒரு வழவழப்பான சொப்பிங் பேக்கை மாட்டி அதன்மேல் காலுறையை ஏற்றினால் இலகுவாக வழுக்கிச் செல்லும். பிறகு விரல் பக்கத்தால் பேக்கை இழுத்தெடுத்துவிடலாம். வெக்கைக்கும் இந்த வகையே இதமானது.

தோல் வறட்சிக்குக் களிம்பு பூசுவதாயின் இரவில் காலுறையைக் கழற்றிய பிறகு பூசுங்கள். காலுறையை இளஞ்சூட்டு நீரில் கழுவி, முறுக்கிப் பிழியாமல், துவாயில் சுருட்டி ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். தினமும் அணிந்தால் மூன்று முதல் ஆறு மாதங்களில் அதன் வலு குறைந்துவிடும். புதிதாக வாங்க வேண்டும்.

எச்சரிக்கை அவசியம்

சீனி வருத்தம் உள்ளவர்களும் கால் நாடிகளில் அடைப்பு உள்ளவர்களும் வைத்தியர் பரிசோதித்துச் சொல்லாமல் மருத்துவக் காலுறையை அணியவே கூடாது. சீனி வருத்தத்தால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலுறையின் ஒரு சுருக்கம் தோலை வெட்டினாலும் தெரியாது. அவர்களுக்கு வலிதான் இல்லை. புண் உண்டாகவே செய்யும். அவர்கள் அணியும் சாதாரணக் காலுறையும் இறுக்கமற்ற பட்டியுள்ளதாக இருக்கட்டும். இரவில் காலுறையைக் கழற்றும்போது பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுவது வீட்டிலுள்ள இளையவர்களாகிய நம் பொறுப்பு.

எந்தக் காலுறையானாலும் விரல்கள் விறைத்தால், குளிர்ந்தால், வெளுத்தால் அல்லது நீலம் பாய்ந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின் வளையம் நெடுநேரம் மறையாவிட்டால் காலுறை இறுக்கமானது அல்லது கால் வீங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் ஏற்பட்டால், அது ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதற்குக் காலுறை தேடாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கூடவே மூச்சுத் திணறலும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அன்பின் சகோதரிகளே, பெற்றோர்களே! நம்மில் பலருக்குக் காலையில் காலுறை மாட்டுவது அரை நிமிட வேலை. குனிய முடியாத ஒரு மூத்தவருக்கு அது ஒரு போராட்டம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஓர் இணை கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், நாளை பாடசாலைக்குப் புறப்படுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அவர்களின் காலடியில் அமர்ந்து அதை அணிவித்துவிடுங்கள். அதற்கு அந்தப் பத்து நிமிடமும் ஒரு சோடி இறப்பர் கையுறையும் போதும்.

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி