பழைய கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?



கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதைப் போற்றிப் பாதுகாத்து வருகிறார்கள். அத்தகைய மரங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சீவிய நம் மக்களின் பெயர்களும் முகங்களும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் பிஸ்கட் டின்களிலும் பிளாஸ்டிக் பைகளிலும் இருக்கின்றன. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, திருமணப் படம் ஆகிய எல்லாம் அங்கேதான்.

பேராக்கில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயத்து வீடுகளைவிட்டு மக்கள் ஈப்போவுக்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தபோது, ஒவ்வொரு வீடு மாறுதலிலும் சில தாள்கள் காணாமற் போயின. இந்தத் தாள்களைக் கணினியில் படியெடுத்து வைத்தால் என்ன என்று சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தோன்றியது. தொடங்கினேன். அதில் ஒரு தவறும் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாணவன் ஒருவனின் பாட்டி, தம் தந்தையாரின் ஒரே படத்தைக் கொண்டுவந்தார். தோளில் காண்டாவாளியோடு பெரட்டுக்களத்தில் நிற்கும் படம். அதைப் படியெடுத்துக் கணினியில் வைத்துவிட்டு, மூலப்படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு மூலப்படத்தைக் கறையான் தின்றுவிட்டது. ‘அதனாலென்ன, நம்மிடம் படி இருக்கிறதே’ என்று திறந்து பார்த்தேன். படத்தின் மேற்பாதி மட்டுமே வந்தது. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றியபோதோ, அதற்கு முன்போ, எப்போது கெட்டது என்று தெரியவில்லை. கணினி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த அம்மா பார்த்துவிட்டு, “முகம் இருக்கு வாத்தியாரே, கையத்தான் காணோம்” என்றார்.

கெட்டுப்போனதைக் கெட்டுவிட்டது என்று சொல்லக்கூடிய கணினிப் பெட்டகம் உண்டா? அதை நம் கையிலுள்ள பழைய கணினியிலேயே நடத்த முடியுமா? அதற்கு எவ்வளவு நினைவகம் தேவை? இன்றைய பேச்சின் பொருள் இதுதான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக் கொள்வோம். தோட்டத்து ஆபீசை நினைத்துப் பாருங்கள். பின்னறையில் அலமாரிகள், அவற்றில் பல ஆண்டுப் புத்தகங்கள். முன்னறையில் கிராணியின் மேசை. கணினியில் வன்தட்டு என்பது அலமாரி. மின்சாரம் நின்றாலும் அதில் உள்ளது அழியாது. நினைவகம் என்பது மேசை. அங்கே வேலை விரைவாக நடக்கும். ஆனால் மின்சாரம் போனால் மேசை துடைத்துவிட்டது போல் ஆகிவிடும். எந்தத் தாள் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஒழுங்கிற்குக் கோப்பு முறைமை என்று பெயர்.

நம் நாட்டில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்தில், டாஸ் முறையில் ஓடிய கணினிகளில் மென்பொருள்களுக்கு அடிப்படையாகக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட்தான். அந்தச் சிறிய மேசைக்கு ஏற்ற எளிய கோப்பு முறைமையே அப்போது இருந்தது. தாள் இருக்கும் இடத்தை அது சொல்லும்; தாளில் உள்ளது சரியா என்று சொல்லாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவற்றுள் முக்கியமானது இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் ஆகியோர் 2001-இல் இதைத் தொடங்கினர். 2005-இல் இதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. இன்று ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்ற பெயரில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதன் சிறப்புகள் இரண்டு. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள் அல்லவா? பாலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அளவு காட்டிக் கொடுத்துவிடும். அதுபோல, இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு துண்டுத் தகவலையும் எழுதும்போதே ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வேறோர் இடத்தில் குறித்து வைக்கிறது. பின்னர்ப் படிக்கும்போது மீண்டும் கணக்கிடுகிறது. எண் மாறினால் தகவல் கெட்டுவிட்டது என்று அறிவிக்கிறது. இரண்டு தட்டுகளில் ஒரே தகவலை வைத்திருந்தால், நல்ல படியைக் கொண்டு கெட்டதைத் தானே திருத்திவிடுகிறது.

இரண்டாவது, இருப்பதன் மேல் அது எழுதுவதில்லை. புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே கணக்கை மாற்றுகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் நின்றாலும் பழைய கணக்கு குலையாமல் இருக்கும்.

இவ்வளவு வேலை செய்ய மேசை சற்றுப் பெரிதாக வேண்டும் என்பது உண்மைதான். எதற்காக என்று பார்ப்போம். எழுத வந்த தகவல்களை இது நினைவகத்தில் சேர்த்து வைத்து, வழக்கமாக ஐந்து வினாடிக்கு ஒரு முறை தட்டில் எழுதும். அதற்கு இடம் தேவை. அதைவிட அதிக இடம் பிடிப்பது ஆர்க் எனப்படும் தற்காலிகச் சேமிப்பு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நிம்ரோத் மெகிடோ, தர்மேந்திர மோதா ஆகியோர் 2003-இல் வெளியிட்ட முறையைத் தழுவியது அது. அனுபவமுள்ள கிராணி என்ன செய்வார்? இன்று எடுத்த புத்தகத்தை மேசையில் வைத்திருப்பார். அடிக்கடி எடுக்க வேண்டிய செக்ரோலையும் மேசையிலேயே வைத்திருப்பார். ஆர்க் செய்வதும் அதுதான். அண்மையில் கேட்டது, அடிக்கடி கேட்பது என்று இரு பட்டியல்களை வைத்துக்கொண்டு, எதை மேசையில் வைப்பது என்று முடிவு செய்கிறது.

ஆர்க் கிடைக்கிற இடத்தையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும்; வேறு மென்பொருள் கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஆகவே நினைவகம் நிரம்பியிருப்பதாகத் திரையில் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். மேசை சிறிதானால் கிராணி அடிக்கடி அலமாரிக்கு நடப்பார், வேலை மெதுவாகும். அதனால் புத்தகத்தில் உள்ள எழுத்து அழிந்துவிடாது.

இனி அளவுகளைப் பார்ப்போம். ஃப்ரீபிஎஸ்டி கையேடு குறைந்தது 1 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்கிறது. ஒரு டெராபைட் தட்டுக்கு 1 ஜிகாபைட் என்பது அதே கையேடு கூறும் உத்தேசக் கணக்கு. பலர் இந்தக் கணக்கைக் கட்டாயச் சட்டமாக எடுத்துக்கொண்டு, ‘நம் பழைய பெட்டிக்கு இது ஆகாது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. தட்டின் அளவைவிட, செய்யும் வேலையே நினைவகத் தேவையைத் தீர்மானிக்கிறது. நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் அலுவலகத்திற்கு நிறைய வேண்டும். வாரம் ஒருமுறை படங்களைச் சேர்க்கும் நமக்கு அவ்வளவு தேவையில்லை.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு படத்தின் படி சுமார் 2 மெகாபைட் என வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்திற்கு 200 தாள்கள் என்றால் 400 மெகாபைட். நூறு குடும்பங்களுக்கு 40 ஜிகாபைட். ஒரு தோட்டத்தின் நினைவுகள் முழுவதும் ஒரு டெராபைட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்! 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினி இதற்குத் தாராளமாகப் போதும். 2 ஜிகாபைட் உள்ளதிலும், ஆர்க் மேக்ஸ் என்ற அமைப்பின் வழி ஆர்க்கிற்கு 512 மெகாபைட் என்று வரம்பிட்டு நடத்தலாம். ட்ரூநாஸ் போன்ற ஆயத்தத் தொகுப்புகள் 8 ஜிகாபைட் கேட்கும். அவை வேறு பல வசதிகளையும் சேர்த்துச் சுமப்பவை.

ஒரு பொறி மட்டும் உண்டு. ஒரே தகவல் இருமுறை வந்தால் ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று ஆசைப்பட்டு அதைத் திறந்துவிடாதீர்கள். திறந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு எழுதி மேசையிலேயே வைத்திருக்க வேண்டும். 128 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்தால் ஒரு டெராபைட்டில் சுமார் 80 லட்சம் துண்டுகள். சீட்டுக்கு 320 பைட் என்றாலும் மொத்தம் 2.5 ஜிகாபைட். துண்டுகள் சிறுத்தால் 5 ஜிகாபைட்டையும் தாண்டும். மேசையில் அடங்காத சீட்டுகளை அலமாரியில் தேடித் தேடிக் கணினி நத்தையாகிவிடும். இசட்.எஃப்.எஸ். நினைவகத்தை விழுங்கும் என்ற பெயர் பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். நீங்களாகத் திறக்காதவரை அது மூடியே இருக்கும்.

எந்தப் பழைய கணினியை எடுப்பது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், நல்ல நிலையிலுள்ள பல கணினிகளை ஒதுக்கி வைக்கிறார்கள். அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். 64-பிட் வகையா என்று மட்டும் பாருங்கள். 32-பிட் வகையில் கணினியின் மையநிரல் பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரி குறுகியது, அதில் இசட்.எஃப்.எஸ். திணறும். பழைய நினைவகச் சில்லு பழுதாகியிருக்கவும் கூடும். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். தவறு காட்டினால் அந்தச் சில்லை மாற்றுங்கள். ஒரே அளவிலான இரண்டு தட்டுகளைப் பொருத்தி, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் படியாக அமையுங்கள். ஒரே தட்டென்றால் கெட்டதைச் சொல்லும், திருத்த முடியாது. மாதம் ஒருமுறை ஸ்கிரப் என்ற முழுச்சோதனையை நடத்துங்கள். பட்டணத்தில் கணினி படித்த நம் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் இதையெல்லாம் அமைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கணினி ஒரு வீட்டில்தான் இருக்கும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் படியெடுத்துக் காத்து வருகிறது. நாமும் இன்னொரு படியை வேறோர் ஊரில், உறவினர் வீட்டில் வைக்க வேண்டும். தாளையும் தூக்கி எறியக் கூடாது.

சாம்பலாகிப்போன அந்தக் கைகளை என்னால் மீட்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் இருந்த மற்றப் படங்களை இப்போது இரட்டைத் தட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன். மாதந்தோறும் சோதனை முடிந்ததும், எல்லாம் சரியாக இருக்கின்றன என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னையும் இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.