ஏக்கருக்கு ஐந்து ரூபாய்

முல்லைப் பெரியாறு குத்தகையைப் பற்றி மலைக்கு இந்தப் பக்கம் கம்பத்தில் பேச்செடுத்தாலும், அந்தப் பக்கம் குமுளியில் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுவது ஏக்கருக்கு ஐந்து ரூபாய் என்ற கணக்குதான். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் திவான் ராமய்யங்காரும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது; பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் தன் மலைநிலத்தை மதராஸ் அரசுக்குக் குத்தகைக்கு விட்டது. எட்டாயிரம் ஏக்கர், வருடத்துக்கு 40,000 ரூபாய், காலம் 999 வருடம். அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு இன்றும் பொருமுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் விளைச்சல் இல்லாத மலைக்காட்டுக்கு வருடம் நாற்பதாயிரம் என்பது அற்பத் தொகை அல்ல. தவறு ஐந்து ரூபாயில் இல்லை. அந்த ஐந்து ரூபாய் எப்போது மாறும் என்று எழுதாமல் விட்டதில் இருக்கிறது. 999 வருடத்துக்கு ஒரே தொகை என்றால், அது முதல் பத்து வருடம் வாடகை, அப்புறம் வெறும் சம்பிரதாயம்.

இதே பத்திரத்தில் எதிர்த்திசையில் வேலை செய்த இன்னொன்றும் உண்டு. தண்ணீர் எதற்கு என்ற கேள்வி. மதராஸ் அரசு பிற்பாடு அதே தண்ணீரில் மின்சாரமும் எடுக்க முனைந்தபோது திருவிதாங்கூர் குறுக்கே நின்றது. விவகாரம் நடுவரிடம் போய், 1941இல் நளினி ரஞ்சன் சட்டர்ஜி தீர்ப்பு சொன்னார்: குத்தகை பாசனத்துக்கு மட்டுமே, மின்சாரத்துக்கு அதில் உரிமை இல்லை. பத்திரம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதினார்களோ, தற்செயலாக அமைந்ததோ, விலையில் விட்டதை மீட்கும் பிடி திருவிதாங்கூரின் இடத்துக்கு வந்த கேரளத்தின் கைக்கு வந்துவிட்டது. 1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்கள் போட்டபோது வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, 30 வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தலாம் என்று ஆனது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது. 84 வருடம் அசையாத தொகையை அசைத்ததில், பாசனத்துக்கு மட்டும் என்ற அந்த வரம்புக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டுக்கும் இதில் நஷ்டம் என்று சொல்ல முடியாது. கூடலூருக்கு மேலே லோயர்கேம்பில் ஓடும் மின்நிலையத்துக்கு அன்றுதான் சட்டப்படியான தரை கிடைத்தது.

ஆக, இந்த வாரம் நான் சொல்ல வருவது இதுதான்: பேரத்தில் சத்தம் அதிகம் போடுவது விலை, சங்கதி இருப்பதோ மற்ற ஷரத்துகளில். பணம் என்றைக்குக் கைக்கு வரும், எடை யார் போடுவது, கெட்டுப்போனால் யார் தலையில், அடுத்த உயர்வு எப்போது. விலையைக் குறைக்கச் சொன்னால் எதிராளி உடனே விறைத்துக்கொள்வார். ஏனென்றால் அவரும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார். மற்ற விஷயங்களில் பல சமயம் அவருக்குப் பிடிவாதமே இருக்காது; யாரும் கேட்பதில்லை என்பதால் அவருக்குச் சாதகமாகவே நடந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

போடியின் ஏலக்காயை எடுத்துக்கொள்வோம். போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து, கைக்கு வந்த மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டி, பச்சையையும் பருமனையும் பார்த்துவிட்டு விலையைத் தட்டுகிறார்கள். அங்கே விவசாயி விலை பேச இடமே இல்லை. அது திரையில் ஏறி நின்றுவிடுகிறது. 2018 பெருமழையும் அடுத்த வருட வறட்சியும் தோட்டங்களைப் பாழாக்கிய பின், 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அது அன்றைய உச்ச விலை. சராசரி அதற்கு வெகு கீழே. காய் இல்லாததால்தான் அந்த விலை என்பதால், விற்கவும் பலரிடம் காய் இல்லை. அதே காய் பிற்பாடு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை மனதில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் தன் கையில் இல்லாத ஒன்றுக்காக மல்லுக்கட்டுகிறார். அவர் கையில் இருப்பவை வேறு: நிறம் மங்காமல் உலர்த்திச் சில மாதம் வைத்திருப்பதா, தரம் பிரித்துக் கொடுப்பதா, மொத்தமாகத் தள்ளுவதா, எந்த ஏல நிறுவனம் பணத்தை இழுத்தடிக்காமல் தருகிறது என்பது.

பன்னீர் திராட்சைக்கு வைத்திருந்து விற்கும் வசதி இல்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பழம் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் வருடம் முழுக்கக் காய்த்தாலும், பழுத்த குலை கொடியில் ஒரு மழைக்குத் தாங்காது, பழம் வெடித்துவிடும். வியாபாரி தோட்டத்துக்கு வந்து கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பேச்சு முழுக்க கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடவா குறையவா என்பதில் கழிகிறது. எந்தத் தேதிக்குள் வெட்டுவது என்று பேசுவதில்லை. வெளியூரில் விலை சரிந்தால் வியாபாரி நாலு நாள் தள்ளிப்போடுகிறார், நடுவில் மழை வருகிறது, உதிர்ந்ததும் வெடித்ததும் கழிவு என்று எடையில் போகிறது. அடம்பிடித்து வாங்கிய இரண்டு ரூபாய் அந்தக் கழிவிலேயே கரைந்துவிடுகிறது. இன்ன தேதிக்குப் பிறகு வரும் சேதம் வாங்குகிறவரைச் சேரும் என்ற ஒரு வரி இரண்டு ரூபாயைவிடப் பெரியது.

வேலைக்கும் இதே கணக்குதான். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குத் தினக்கூலியில் பத்து ரூபாய் கூடுவதைவிட, ஜீப் வாடகை யாருடையது, மழையால் பாதியில் திரும்பினால் கூலி உண்டா என்பது முக்கியம். கம்பெனி வேலையிலும் ஆண்டுச் சம்பளம் என்று சொல்லும் தொகைக்குள் முதலாளி கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதியும் அடங்கியிருக்கிறதா, முதல் உயர்வு எந்த மாதம், விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கேட்காமல் சேர்கிறவர்கள் ஏராளம். 1886இன் பிழையை அவரவர் அளவில் செய்கிறார்கள்.

இத்தனை நிபந்தனை போட்டால் வியாபாரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடமாட்டாரா என்று கேட்கலாம். பழம் பழுத்த பிறகு கேட்டால் போய்விடுவார்தான். கவாத்து முடிந்து அறுவடைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போது கேட்டால், சரக்கு நிச்சயமாகக் கிடைக்கும் என்பதற்காகவே பலர் இறங்கி வருவார்கள். திருவிதாங்கூர் என்ன, சாம்ராஜ்யத்தின் காலடியில் கிடந்த சமஸ்தானம், அது எப்படிப் பேரம் பேசும் என்பது இன்னொரு கேள்வி. நியாயமானது. ஆனாலும் அந்தப் பேச்சுவார்த்தை இருபது வருடத்துக்கும் மேல் இழுத்தது. அடியோடு வலுவற்ற தரப்பால் அவ்வளவு காலம் இழுக்க முடியாது. கிடைத்த காலத்தில் தொகை கட்டாயமாகப் பேசப்பட்டிருக்கும், திருத்தம் மட்டும் எழுத்தில் ஏறவில்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் குறைவு. கவாத்துச் செலவுக்கும் உரத்துக்கும் வியாபாரியிடமே கடன் வாங்கியவர் எந்த ஷரத்தைப் பேசுவார்? ஏல நிறுவனத்திடம் முன்பணம் வாங்கியவர் காயை வேறு ஏலத்துக்கு எப்படிக் கொண்டுபோவார்? உண்மைதான், பேசும் திறமை அங்கே செல்லாது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அது. கடன் கொடுப்பவரும் சரக்கு எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை மேலே சொன்னதில் பாதி ஏட்டுச் சுரைக்காய்தான். அதனால் முன்பணத்தைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அது.

(தொடரும்)