சாரணர் சின்னமும் முடிச்சுப் போடும் கையும்

சாரண மாணவர் தம் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் சிறு துணிச் சின்னம், ஒரு வேலையைத் தம் கையால் செய்துகாட்டித் தேறியதற்கான அத்தாட்சியாகும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த இவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்த தொடக்கத்தில் நம் சிறுவர்களுக்கு அதில் இடமில்லாதிருந்ததால், அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் அவர்களுக்கெனத் தனி அமைப்பைத் தொடங்கினார். இன்றைய பாரத சாரணர் அமைப்பு 1950 நவம்பர் 7 அன்று உருவாயிற்று. சாரணியர் மறு ஆண்டில் இணைந்தனர்.

இவ்வமைப்பில் 'பிரவேஷ்' என்னும் நுழைவு நிலைக்குப் பின் பிரதம, துவிதீய, திரிதீய சோபான் என மூன்று படிகள் உள்ளன. சோபான் என்பது படிக்கட்டைக் குறிக்கும் வடசொல். இவற்றைக் கடந்தோர் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், பின்னர் குடியரசுத் தலைவர் விருதுக்கும் தகுதி பெற முயலலாம்.

தொடக்கப் படிகளிலேயே கற்பிக்கப்படும் ரீஃப் முடிச்சு எளியதாகத் தோன்றினாலும் நுட்பமுடையது. வலக்கை முனையை இடக்கை முனையின்மேல் சுற்றி, அடுத்து இடப்பக்க முனையை வலப்பக்க முனையின்மேல் சுற்றி இழுத்தால், காயக்கட்டின் முடிச்சு உறுத்தாமல் தட்டையாகப் படியும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் கட்டு நழுவும். போலைன் முடிச்சின் வளையமோ இழுக்கும்போது இறுகுவதில்லை. ஆகவே கிணற்றில் விழுந்தவரின் மார்பைச் சுற்றிக் கட்டித் தூக்க அது உதவும். இத்தகைய முடிச்சுகளைப் படம் பார்த்து எழுதித் தேற முடியாது என்பதே இச்சின்ன முறையின் பெருஞ்சிறப்பு. அடுத்தவரை முந்துவதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துக்கொள்ளும் முயற்சியையே பேடன் பவல் அளவுகோலாகக் கருதினார்.

ஊரப்பாக்கம் போன்ற சென்னைப் புறநகருக்கு இத்தகைய கைகள் மிகவும் தேவை. ஏரிகளை ஒட்டி வீட்டுமனைகள் பெருகிய இப்பகுதியில், 2015 பெருமழையின்போது பல தெருக்களில் வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நேரத்தில் மீட்புப் படை வந்துசேரும்வரை, முதலுதவி தெரிந்த அண்டை வீட்டாரே முதல் துணை. முகாம் முடிவில் அவசரமாகக் கையொப்பமிட்டு வழங்கப்படும் சின்னம் இத்துணையைத் தராது.

ஆகவே சின்னத்தோடு வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் ஒரு கயிற்றைக் கொடுத்து, கற்ற முடிச்சைப் போட்டுக்காட்டச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும்.