பி.எட். கூட வரும், டெட் வராது

எங்க பெரியப்பா பொண்ணு, எனக்கு அக்கா. பி.எஸ்சி. மேத்ஸ், பி.எட்., தமிழ்நாடு டெட் ரெண்டாம் தாள் பாஸ். போன வருஷம் கல்யாணமாகி பெங்களூர் போனாங்க. "சர்டிஃபிகேட்டை அந்த ஸ்டேட்டுக்கு மாத்திக்கிட்டா போதும்"னு வீட்ல எல்லாரும் சொன்னோம். டிரைவிங் லைசென்ஸ்ல அட்ரஸ் மாத்துற மாதிரி நினைச்சுட்டோம். டெட்ல அப்படி ஒரு வசதியே கிடையாது.

முதல்ல பி.எட். கதை. என்.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள காலேஜ்ல படிச்சிருந்தா அது நாடு முழுக்கச் செல்லும். டெட் அப்படி இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு அப்புறம், எட்டாவது வரைக்கும் பாடம் எடுக்க இது தேவைன்னு என்.சி.டி.இ. 2010-ல சொல்லிடுச்சு. பேட்டர்ன் எல்லா இடத்திலும் ஒண்ணுதான்: 150 கேள்வி, 150 மார்க், பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தா பாஸ். ஆனா தேர்வை நடத்துறது அந்தந்த மாநிலம். அதனால அது முக்கியமா அந்த மாநிலப் பள்ளிகளுக்கான டிக்கெட்.

இது அநியாயமான்னு கேட்டா, பாதிதான். கன்னட மீடியம் அஞ்சாவது படிக்கிற குழந்தைக்குப் பாடம் எடுக்குறவங்களுக்குக் கன்னடம் தெரியணும், சரி. ஆனா கணக்கும் குழந்தை உளவியலும் ஓசூர் தாண்டினா மாறிடுமா? அந்தப் பகுதியையாவது ஏத்துக்கலாம்.

இதுக்கு இருக்கிற ஒரு வழி சிடெட். சி.பி.எஸ்.இ. நடத்துது. கேந்திரிய வித்யாலயா, நவோதயாவுக்கு இதான் வேணும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் அந்த மாநில டெட், சிடெட் ரெண்டுல எதை வேணா எடுத்துக்கலாம்னு விதி. சில மாநிலங்கள் அரசு வேலைக்கும் சிடெட்டை ஏத்துக்குறாங்க, நோட்டிஃபிகேஷனைப் பார்த்துக்கணும். மொழித்தாள்ல தமிழும் இருக்கு. அக்கா முதல் மொழி இங்கிலீஷ், ரெண்டாவது தமிழ் எடுத்தாங்க. கஷ்டம் வேற இடத்துல: மேத்ஸ், சயின்ஸ் சேர்த்து 60 கேள்வி. எட்டு வருஷம் கழிச்சு ஸ்கூல் பயாலஜி புக்கைத் திறந்தாங்க பாவம்.

பழைய டெட் வீணாப் போகல. முன்னாடி ஏழு வருஷம்தான் செல்லும். 2021-ல அதை ஆயுள் முழுக்கன்னு மாத்திட்டாங்க, 2011-லேருந்து பாஸ் பண்ணவங்களுக்கும் சேர்த்து. நாளைக்கு ஊர் திரும்பினா அப்படியே எடுத்துக் காட்டலாம்.

இப்போ நம்ம மேட்டர். பி.இ. முடிச்சு பி.எட். போகலாமான்னு நம்ம கிளாஸ்லயே நாலு பேர் யோசிக்கிறாங்க. பி.இ., பி.எட். படிச்சவங்க டெட் எழுதி ஆறாவதுலேருந்து எட்டாவது வரை கணக்கு எடுக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2019 டிசம்பர்ல சொல்லுச்சு. நல்ல செய்திதான். ஆனா அது நம்ம அரசோட ஆணை. வேற ஸ்டேட்ல "டிகிரியில மேத்ஸ் மெயின் எங்கே?"ன்னு கேட்டா, இந்த ஆணையை நீட்ட முடியாது. வெளியூர் போற ஐடியா இருந்தா பி.எட். சேர்றதுக்கு முன்னாடியே அந்த ஊர் நோட்டிஃபிகேஷன் ஒண்ணை எடுத்து, கல்வித்தகுதி பத்தியை வரி வரியாப் படிங்க.

அப்புறம் இனிஷியல். டென்த் மார்க்‌ஷீட்ல ஒரு எழுத்து, ஆதார்ல அப்பா பேர் முழுசா, கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க்ல வீட்டுக்காரர் பேர். அக்கா சிடெட்ல 98 எடுத்து பாஸ். ஒரு தனியார் ஸ்கூல்ல ஆர்டரும் வந்துருச்சு. இந்த மூணு பேரும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க மட்டும் மூணு வாரம் ஆச்சு.