தகவல் துளி: தவிலும் தமிழும் விளைந்த அளவெட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், மல்லாகத்துக்கு மேற்கே இருக்கிறது அளவெட்டி. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல் இடுக்குகளில் இறங்கித் தேங்குகிறது. அந்த நீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறார்கள். துலா மிதித்த இடத்தில் இன்று பம்பு ஓடுகிறது.

இந்தத் தோட்டக்கார ஊர் பெயரெடுத்தது மங்கல இசையால். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் இவ்வூரவர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்ததும் இங்கேதான். தவிலின் வலப்பக்கமான வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களாலும், இடப்பக்கமான தொப்பியைக் கழியாலும் வாசிப்பார்கள். அந்த இரண்டு கைகளுக்குள் தெட்சணாமூர்த்தி போட்ட தாளக் கணக்கைத் தமிழகத்து வித்துவான்களே வியந்து கேட்டார்கள். 1975இல் அவர் மறைந்தபோது ஈழத்து இசை இழந்தது கொஞ்சமல்ல. அவருடைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன; தேடிக் கேளுங்கள்.

நவீன ஈழக் கவிதையின் முன்னோடிகளில் ஒருவரான மஹாகவி, அதாவது து. உருத்திரமூர்த்தி, 1927இல் பிறந்ததும் அளவெட்டியில். நாதஸ்வரக் குடும்பம் ஒன்றின் பாடுகளைத்தான் ‘கோடை’ என்ற பா நாடகமாக எழுதினார். ஊரின் முற்றத்திலேயே கதை கிடந்தது, அதைக் காணும் கண்ணும் அவருக்கு இருந்தது. அவருடைய மகன் சேரனும் கவிஞர்.

1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இவ்வூர் மக்களும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் பலர் திரும்பினார்கள். இன்னும் பலர் கடல் கடந்து போய்விட்டார்கள்.