இறைச்சி வெட்டும் கட்டை

இறைச்சி வெட்டும் கட்டை என்பது இறைச்சிக் கடைகளில் பயன்படும் கனமான மரத்துண்டு ஆகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் புளிய மரத்தின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்துச் செய்யப்படுகிறது. இம்மரம் கடினமானது; எளிதில் பிளவுபடாது. நார்கள் செங்குத்தாக நிற்பதால் கத்தி அவற்றின் இடையே இறங்கும். சிராய் குறைவாகவே பெயரும்.

மரம் ஈரத்துடன் பாக்டீரியாக்களையும் உள்ளிழுக்கும். அவை உள்ளே பெருகாமல் படிப்படியாக இறப்பதை 1990களில் அமெரிக்க ஆய்வாளர் டீன் கிளைவரின் குழு கண்டறிந்தது. ஆனால் மேற்பரப்பில் ஈரமும் கழிவும் தங்கினால் கிருமி பெருகும்.

எனவே வேலை முடிந்ததும் கட்டையைச் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். ஊறவைத்தாலும் கடும் வெயிலில் காயவைத்தாலும் வெடிக்கும். செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது உலர்வதற்குக் கூடுதல் நேரமாகும். அப்போது இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பச்சை இறைச்சி வெட்டிய கட்டையில் சமைக்காமல் உண்ணும் காய்களை நறுக்கக் கூடாது.