காபூர்: சந்தையில் வைத்த பெயர்

'அப்துல் கபூர்' என்ற பெயரைக் கேட்டதும் 'மாலிக் காபூர் வம்சமா?' என்று கேலி பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. தமிழ் எழுத்தில் ஒலி நெருங்கிவிடுகிறது. அரபியில் இரண்டும் வேறு வேறு சொற்கள். 'கஃபூர்' மன்னிப்பவன், இறைவனின் பெயர்களில் ஒன்று. 'காஃபூர்' நம்ம கற்பூரம்தான். பாரசீகம் வழியாக அரபிக்குள் போன சொல்.

கற்பூரம் எப்படி ஆள் பெயரானது? இங்கேதான் அதிகாரம் பற்றிய கேள்வியை நான் வைக்கிறேன். அடிமைகளுக்கு வாசனைப் பொருள், மணிகளின் பெயரைச் சூட்டுவது அரபு உலகில் வழக்கம்: காஃபூர், அம்பர், யாகூத் (மாணிக்கம்). விலையுயர்ந்த சரக்கின் பெயர், விலைக்கு வாங்கிய மனிதருக்கும். 968இல் இறந்த எகிப்தின் ஆட்சியாளர் காஃபூர், அடிமையாக விற்கப்பட்ட கறுப்பர். கறுத்த மேனிக்கு வெண்கற்பூரத்தின் பெயர்! அவரைப் புகழ்ந்து பாடிய கவிஞர் முதனப்பி, எதிர்பார்த்த பதவி கிடைக்காமல் போனதும் அதே அடிமைத்தனத்தைச் சொல்லியே வசைபாடினார்.

1311இல் மதுரைவரை படை நடத்திய மாலிக் காபூரும் 1299 குஜராத் படையெடுப்பில் கம்பாத்தில் பிடிபட்ட அடிமைதான். ஆயிரம் தீனார் என்ற விலையே 'ஹஸார் தினாரி' என்று பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 'மாலிக்' பின்னால் வந்த பதவி.

அவர் அடித்த கொள்ளைக்கு இது சமாதானமாகாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு மதத்தை மட்டுமே வாசிப்பவர்கள், அதை வைத்த எசமானையும் சந்தையையும் மறைத்துவிடுகிறார்கள். கணக்கு மட்டும் இன்றைய முஸ்லிமிடம் கேட்கப்படுகிறது.